செருப்பில்லாத நேர்த்தி

வேறு இடங்களில் என்ன முறையோ எனக்குத் தெரியாது. எங்கள் பகுதியில், மகளின் மாமனார் வீட்டில் போய்க் குந்தியிருக்கிறவன் மண்வெட்டியைத் தொடக்கூடாது. தொட்டால் அவனுக்கு ஒன்றும் ஆகாது. அந்த வீட்டுக்காரருக்குத்தான் மானம் போகும். சம்பந்தியைச் சோற்றுக்கு வேலை வாங்குகிறார்கள் என்று நாலு வேலிக்கு அப்பால் கதை கட்டிவிடுவார்கள். இந்த ஒரு முறைக்காக நான் இரண்டரை வருடம் சாய்மனைக் கதிரையில் கிடந்தேன். மறியல் வீட்டில் போட்டிருந்தால்கூடக் கல் உடைக்க விட்டிருப்பார்கள்.

என் பெயர் பஞ்சலிங்கம். கீரிமலைப் பக்கம் பதினாறு பரப்புச் செம்மண் தோட்டம் வைத்திருந்தவன். வெங்காயமும் புகையிலையும் மாறி மாறிப் போடுவேன். மகள் இராசமலருக்குச் சீதனமாகக் கொடுத்த வீடும் அதே வளவில்தான். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை சோமசேகரம் அங்கே வந்து இருந்தார், பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார். தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் ஷெல் விழத் தொடங்கியதும் வெங்காயம் கிண்டாத பாத்திகளை அப்படியே விட்டுவிட்டு நாங்கள் நாலு பேரும் மாப்பிள்ளையின் தகப்பன் வீட்டுக்கு, தென்மராட்சியில் மட்டுவிலுக்கு, வந்து சேர்ந்தோம். நான், மனைவி பராசக்தி, மகள், மாப்பிள்ளை. ஒரு கிழமையில் திரும்பலாம் என்றுதான் வந்தோம்.

சம்பந்தி கனகரத்தினம் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நான் ஏசுவதைக் கேட்டு அவரைப் பொல்லாதவர் என்று நினைத்துவிடக் கூடாது. முன் அறையை எங்களுக்குத் தந்தார். சாப்பாட்டில் முதல் பங்கு எனக்கு. விறாந்தையில் தன்னுடைய சாய்மனைக் கதிரையை எனக்குத் தந்துவிட்டு, தான் பக்கத்தில் ஒரு மரக் கதிரையில் இருந்துகொண்டார். வந்த மூன்றாம் நாள், முற்றத்துப் புல்லைச் செருக்குவோம் என்று மண்வெட்டியைத் தேடி எடுத்தேன். இரண்டு வெட்டு வெட்டியிருப்பேன். மனிதர் பாதி சவரத்தில் சவர்க்கார நுரையோடு ஓடி வந்து பிடியைப் பறித்துவிட்டார்.

"சம்பந்தி, நீங்கள் இருங்கோ. நான் உயிரோடை இருக்கேக்கை நீங்கள் என்ரை வளவிலை மண்வெட்டி பிடிக்கிறதோ?"

நான் சும்மா விடவில்லை. வேலி அடைக்கப் போனேன், கதியால் தடியை வாங்கி வைத்தார். கிணற்றில் தண்ணீர் அள்ளப் போனேன், வாளியை வாங்கினார். மின்சாரம் இல்லாத காலம் அது. செய்தி கேட்பதென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோவை இயக்க வேண்டும். அதையாவது சுற்றுகிறேன் என்றேன். அதற்கும் மாப்பிள்ளையை விட்டுச் சுற்றுவித்துவிட்டு, என் கையில் தேத்தண்ணியைத் தந்தார். செய்தி முடியும்வரை மாப்பிள்ளைக்கு வியர்த்து வழியும். எனக்கோ விரல்கள் கதிரைக் கையில் சும்மா தாளம் போட்டுக்கொண்டிருக்கும்.

பராசக்தியைப் பார்க்கத்தான் எனக்கு எரிச்சல் வரும். பெண்களுக்கு இந்தச் சட்டம் கிடையாது. வந்த அன்றே அவள் குசினிக்குள் புகுந்துவிட்டாள். தேங்காய் துருவினாள், மா இடித்தாள், கடகம் கடகமாகக் குப்பை அள்ளிக் கொட்டினாள். ஒருவரும் மறிக்கவில்லை. அதே வீடு, அதே சோறு. அவள் வந்தபடியே காய்ந்த பனம் மட்டையாக இருந்தாள். நான் ஆறு மாதத்தில் வேட்டியை வயிற்றுக்குக் கீழே இறக்கிக் கட்டத் தொடங்கினேன்.

இவ்வளவுக்கும் வீட்டின் பின்னால் கனகரத்தினத்துக்குப் பத்துப் பரப்புத் தோட்டம் இருந்தது. கூலிக்கு ஆள் வைத்துச் செய்துவந்த தோட்டம். ஆள் எங்கே? இளம் ஆட்களில் பாதிப் பேர் வெளிநாடு, மீதிப் பேர் இயக்கத்தில். மண்ணெண்ணெய் இல்லாமல் இறைப்பு மெஷினும் படுத்துவிட்டது. முதல் போகம் கத்தரியைப் புல் மூடியது. அடுத்த போகம் பாதித் தோட்டம்தான் நட்டார்கள். அதற்கடுத்த போகம் அதுவும் இல்லை. கூலிக்காரனைத் தேடி அவர் சைக்கிளில் சாவகச்சேரிவரை போய் வெறுங்கையோடு திரும்புவார், வந்து என் பக்கத்தில் இருந்து மூச்சு வாங்குவார். பத்துப் பரப்பையும் கொத்தி முடிக்கக் கூடியவன் அவருக்குப் பக்கத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறேன். கடைசியில் கத்தரிக்காயைக் கடையில் வாங்கினோம். கத்தரிக்காய்க்குப் பேர்போன மட்டுவிலில் இருந்துகொண்டு அதைக் கடையில் வாங்கிய வீடு எங்கள் வீடு ஒன்றாகத்தான் இருக்கும்.

ஒருநாள் பொறுக்காமல் தோட்டத்துக்குள் இறங்கிவிட்டேன். அன்று பின்னேரம் மகள் வந்து கதிரைக்குப் பக்கத்தில் நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"அப்பா, மாமா மனம் நொந்துபோனார். சீதன வீடும் போயிட்டுது. இப்ப இவையின்ரை வீட்டிலை இருக்கிறம். எனக்காக இருங்கோவன்."

அவள் என்னிடம் அதற்கு முன் ஒன்றும் கேட்டதில்லை. கலியாணத்தில்கூட இன்ன நகை வேண்டும் என்று வாய் திறக்காத பிள்ளை. நான் இருந்தேன்.

இருக்க இருக்கக் கால் விறைத்தது. பகலெல்லாம் தூக்கம், இரவில் விழிப்பு. செம்புச் செம்பாகத் தண்ணீர் குடித்தேன், குடித்ததற்கு மேலாகப் போனேன். வேலியோரம் நான் ஒதுங்குகிற இடத்தில் எறும்பு மொய்ப்பதைக் கண்டு பராசக்தி என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். அங்கே ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்தையும் என் சலத்தையும் விட்டுச் சூடாக்கினார்கள். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்தில் வந்து நின்றது. எங்கள் தோட்டத்துச் செம்மண்ணின் அதே நிறம். இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்த நிறத்தை அங்கேதான் கண்டேன்.

டொக்டர் இளம் பெடியன், களைத்துப்போன முகம். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். சம்பந்தியாக இருக்கிறேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. முந்தி என்ன வேலை என்று கேட்டார், சொன்னேன். அப்படி வேலை செய்த உடம்பைத் திடீரென்று இருத்தினால் சீனி வருத்தம் இப்படித்தான் வரும் என்றார். பிறகு குளிசையை எண்ணி ஒரு பேப்பர் துண்டில் சுற்றினார்.

"குளிசை தட்டுப்பாடு ஐயா. பாதிதான் தரலாம். மற்றப் பாதியை நீங்கள் நடந்துதான் தேடவேணும்."

நடப்பது என்ன பெரிய காரியம் என்று நினைத்தேன். நடந்து பார்த்தால் தெரியும். அலுவல் இல்லாமல் ஒருவன் றோட்டில் நடப்பதை எங்கள் ஊர் தாங்காது. வேலிக்கு வேலி, "துலைக்கோ போறியள்?" என்று கேட்பார்கள். சும்மா நடக்கிறேன் என்று சொல்லலாமா? சொன்னேன். அடுத்த நாள் எனக்கு மண்டை பிசகிவிட்டது என்று கதை வந்தது. மூன்றாம் நாள், சம்பந்தியை வெய்யிலில் நடக்க விட்டிருக்கிறார்கள் என்று கதை மாறியது. நாலாம் நாள் பின்னால் சைக்கிள் மணி கேட்டது. மாப்பிள்ளை. "மாமா, ஏறுங்கோ. அப்பா அனுப்பினவர்." அவருக்கும் வெட்கம், எனக்கும் வெட்கம். கரியரில் ஏறி வீடு வந்தேன். கனகரத்தினத்துக்கு டொக்டர் சொன்னதை விளக்கினேன். டொக்டர்மார் அப்படித்தான் சொல்வார்கள், வருத்தக்காரனுக்கு ஓய்வுதான் வேண்டும் என்று முடித்துவிட்டார். அவருடைய கவலை உண்மையானது. அதுதான் என் வாயைக் கட்டியது.

அந்த இரவு எனக்கு மூளை வேலை செய்தது. காலையில் எல்லோரும் இருக்கும்போது சொன்னேன்: கனவில் பிள்ளையார் வந்தார், ஊருக்குத் திரும்பும்வரை தினமும் விடியற்காலை சரசாலைப் பிள்ளையார் கோயிலுக்கு நடந்தே போய்க் கும்பிடுவதாக நேர்த்தி வைத்துவிட்டேன். நேர்த்திக்காரனை ஒருவரும் சைக்கிளில் ஏற்ற மாட்டார்கள். ஆனாலும் கனகரத்தினத்தின் முகத்தில் ஒரு சந்தேகம் தட்டியது போல எனக்குப் பட்டது. அதை அழிக்க ஒரு சொல் கூட்டிச் சொன்னேன். செருப்பில்லாமல், என்றேன். அவர் உடனே கையெடுத்துக் கும்பிட்டார். அந்த ஒரு சொல்லை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

கோயில் சரசாலையில் இருந்தது உண்மை. நான் போகவில்லை என்பதும் உண்மை. முதல் நாளே கோயிலுக்கு இந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஒரு மனுசி தனியாகக் கொத்துவதைக் கண்டு நின்றுவிட்டேன். மண்வெட்டியைப் பிடித்த விதம் பார்க்கச் சகிக்கவில்லை. நாகேஸ்வரி என்று பெயர், புருஷனை இழந்தவள், கத்தரியும் மிளகாயும் போட்டிருந்தாள். தாருங்கள் என்று வாங்கி ஒரு பாத்தி பிடித்துக் காட்டினேன். இன்னொரு பாத்தி பிடித்தேன். அவள் கூலி என்ன என்று கேட்டாள். கூலி வேண்டாம், நாளைக்கும் வர விடுங்கள் என்றேன். ஏதோ கழன்ற கேஸ் என்று நினைத்திருப்பாள். ஆனாலும் விட்டாள்.

அடுத்த நாலு மாதம் நான் மனிதனாக இருந்தேன். தினம் இரண்டு மணித்தியாலம்தான், ஆனால் முதுகு வியர்க்கும், கை காய்த்தது, வேட்டி பழைய இடத்துக்கு ஏறியது. ஆஸ்பத்திரிக் குழாயில் நிறம் பச்சையோடு நின்றது. டொக்டர் குளிசையை இன்னும் குறைத்தார். நாகேஸ்வரியின் தோட்டம் எடுப்பாக வந்தது. மிளகாய் அந்த வருடம் கிளை முறியக் காய்த்தது. அதில் ஒன்றைக்கூட நான் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. கிணற்றடியில் கழுவித் திருநீறு பூசிக்கொண்டு பக்திப் பழம்போல வீட்டுக்குப் போவேன். கனகரத்தினம் வாசலில் நின்று வரவேற்பார். போகிற வருகிற எல்லோரிடமும் என் பக்தியைச் சொல்வார். எனக்குக் கூச்சமாக இருக்கும், ஆனால் அடுத்த நாள் விடிய முதலே கால் தானாகப் படலையைத் தாண்டிவிடும்.

மாசி மாதம் ஒரு காலை, கொத்தி முடித்துவிட்டு வாய்க்கால் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டு நின்றேன். நாகேஸ்வரி கீழ்ப் பாத்திக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று நிமிர்ந்து, தண்ணீர் ஏன் சிவப்பாக வருகிறது என்று கேட்டாள். நானும் பார்த்தேன். என் காலிலிருந்துதான் வந்தது. பெருவிரலுக்குக் கீழே, உள்ளங்காலில், ஒரு துருப்பிடித்த ஆணி தலைவரை ஏறியிருந்தது. றோட்டில் எங்கோ ஏறியிருக்க வேண்டும். அதோடுதான் மிச்சத் தூரம் நடந்திருக்கிறேன். அதோடுதான் இரண்டு மணித்தியாலம் கொத்தியிருக்கிறேன். ஆணியைப் பிடித்து இழுத்தேன். வந்தது. அப்போதும் நோகவில்லை. எனக்குப் பயம் வந்தது அப்போதுதான். ஷெல்லுக்குக்கூட அப்படிப் பயந்ததில்லை.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று அவள் கெஞ்சினாள். போயிருக்க வேண்டும். போனால் எங்கே எப்படி ஏறியது என்று கேட்பார்கள், தோட்டக் கதை வெளியே வரும், பிள்ளையார் பெயரில் சொன்ன பொய் வெளியே வரும், என் மகள் அந்த வீட்டில் எப்படித் தலை நிமிர்வாள்? மஞ்சள் வைத்துக் கட்டினேன். அடுத்த நாளும் கொத்தப் போனேன், அதற்கடுத்த நாளும். நோகாத காலை நம்பி நடந்தேன். ஐந்தாம் நாள் காய்ச்சலில் கதிரையிலிருந்து எழும்ப முடியவில்லை. கட்டை அவிழ்த்த பராசக்தி மூக்கைப் பொத்திக்கொண்டு மகளைக் கூப்பிட்டாள்.

மாப்பிள்ளை பள்ளிக்கூடத்தில். கனகரத்தினம் ஒரு நொடியும் யோசிக்கவில்லை. என்னைக் கரியரில் இருத்தி, சால்வையால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மிதித்தார். வருடக்கணக்காக ஒரு செம்பு தூக்காத மனிதர். மணல் வந்த இடத்தில் இறங்கித் தள்ளினார், பிறகு ஏறினார், மூச்சு விசில் அடித்தது. இவர் எனக்கு முன் விழுந்துவிடுவாரோ என்று காய்ச்சலிலும் நான் நினைத்தேன். விழவில்லை. கொண்டுபோய்ச் சேர்த்தார்.

பெருவிரலையும் அடுத்ததையும் எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்து பார்த்தால் கட்டிலைச் சுற்றி ஆட்கள். கனகரத்தினம்தான் கூட்டி வந்திருக்கிறார். சம்பந்தி நேர்த்திக்காகக் காலையே கொடுத்துவிட்டார் என்று வார்ட்டில் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டிலில் ஒரு கிழவி என்னிடம் திருநீறு கேட்டாள். கனகரத்தினம் என் தோளைத் தொட்டு, நேர்த்தியை நிறுத்தினாலும் பிள்ளையார் உங்களை மன்னித்துவிடுவார், வீட்டுக்கு வந்தால் ஒரு அடி எடுத்து வைக்க விடமாட்டோம், உங்கள் கட்டிலை விறாந்தைக்கு மாற்றியாகிவிட்டது என்றார். எனக்கு அந்தக் கட்டில் கண்ணுக்குத் தெரிந்தது. அதில் நான் கிடப்பதும் தெரிந்தது. சாமியார் மாதிரி, மரியாதையாக, ஒவ்வொரு விரலாகப் போய்க்கொண்டு.

மகள் கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். அவளைப் பார்த்தேன். வந்தவர்கள் போகட்டும் என்று காத்திருந்தால் எனக்குத் துணிவு போய்விடும் என்று தெரிந்தது.

"சம்பந்தி, நேர்த்தி ஒண்டும் இல்லை," என்றேன். "நான் கோயில் வாசலையும் மிதிக்கேல்லை. சரசாலையிலை நாகேஸ்வரி எண்டு ஒரு மனுசியின்ரை தோட்டத்திலை கொத்தினனான்."

கனகரத்தினம் தோளிலிருந்து கையை எடுத்தார்.

"கூலிக்கோ?"

"கூலிக்கில்லை. கொத்த விட்டா எண்டதுக்காக."

"அப்ப என்ரை தோட்டம்?"

"உங்கடை தோட்டத்தைப் பாத்துப் பாத்துத்தான் எனக்கு இந்த வருத்தம் வந்தது."

அவர் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அவரோடு வந்தவர்களும் ஒவ்வொருவராக நழுவினார்கள். கிழவி மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

மகள் என் தலைமாட்டுக்கு வந்தாள். ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நல்லாக இருந்திருக்கும். "நான்தானே அப்பா உங்களை இருத்தினனான்," என்றாள். இல்லை பிள்ளை என்றேன், திருப்பித் திருப்பிச் சொன்னேன், அவள் நம்பவில்லை.

இரண்டு நாள் கனகரத்தினம் வரவில்லை. மகள் சாப்பாடு கொண்டுவந்தாள், வீட்டுக் கதை ஒன்றும் சொல்லவில்லை. அந்த இரண்டு நாளும் நான் வேறு வீடு எங்கே தேடுவது என்றுதான் யோசித்தேன். மூன்றாம் நாள் வந்தார். கையில் ஒரு பார்சல். டயரில் வெட்டிய செருப்பு, ஒன்று சாதாரணம், மற்றது அகலமாக, முன்பக்கம் மூடி. கட்டிலில் இருக்காமல் நின்றபடியே கதைத்தார்.

"டொக்டரைக் கேட்டனான். நிண்டு கொத்த உங்களுக்கு இனி ஏலாதாம். குந்தியிருந்து களை பிடுங்கலாமாம்." செருப்பைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு, "மூண்டு போகம் வீணாப்போச்சு. ஆளில்லை ஆளில்லை எண்டு றோட்டெல்லாம் திரிஞ்சன்," என்றார். செருப்பைக் கட்டிலுக்குக் கீழே வைத்தார்.

ஊர் கதைத்தது, கதைக்காமல் இருக்குமா? ஸ்டேஷன் மாஸ்டர் நொண்டிச் சம்பந்தியைத் தோட்டத்தில் இறக்கிவிட்டார் என்று ஒரு கிழமை கதைத்தார்கள். பிறகு கிளாலிக் கடலில் சனம் போன படகுகளைச் சுட்ட செய்தி வந்தது, எங்களை மறந்துவிட்டார்கள். இப்போது தினமும் காலையில் பலகையைப் போட்டு இருந்து, பலகையை நகர்த்தி நகர்த்திக் களை பிடுங்குகிறேன். கொத்துகிறது கனகரத்தினம். மூச்சு வாங்குகிறது, பத்து வெட்டுக்கு ஒரு தரம் நிற்கிறார். அவர் பிடிக்கிற பாத்தி நேராக வராது. எழும்பிப்போய் மண்வெட்டியைப் பறிக்க வேண்டும் போல எனக்குக் கை துடிக்கும். எழும்புவேன். இரண்டு அடிக்குள் உடம்பு ஒரு பக்கம் சாயும், திரும்பவும் பலகையில் இருப்பேன். இரண்டரை வருடத்துக்கு முன்னால் இந்தப் பத்துப் பரப்பை என்னிடம் தந்திருந்தால், என்று வாய்வரை வரும். அவர் வியர்வையைத் துடைப்பதைப் பார்த்துவிட்டு விழுங்கிவிடுவேன்.

பின்னேரம் மகள் கிணற்றடிக்கு வருவாள். காலில் முள்ளோ காயமோ இருந்தால் எனக்குத் தெரியாது, யாராவது கண்ணால் பார்த்தால்தான் உண்டு என்று ஆஸ்பத்திரியில் சொல்லியனுப்பினார்கள். வேண்டாம் என்றாலும் கேட்கமாட்டாள். காலைத் தூக்கி மடியில் வைத்து, மண்ணைக் கழுவி, மிஞ்சின விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்ப்பாள், விரலால் அழுத்துவாள்.

"நோகுதோ அப்பா?"

"இல்லை" என்பேன். அவள் இன்னும் கொஞ்சம் பலமாக அழுத்திப் பார்ப்பாள். ஒரு நாளாவது நோகாதா என்று நாங்கள் இருவரும் காத்திருப்போம்.